உள்ளேன் ஐயா

பள்ளி நாள்களை நினைக்கும்போது நம் செவிகளில் முதலில் ஒலிப்பது எந்தப் பாடமுமன்று. காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைத்த குரலும், அதற்கு நாம் எழுந்து நின்று சொன்ன 'உள்ளேன் ஐயா' என்ற விடையுமே ஒலிக்கின்றன. அரை நிமிடமும் ஆகாத அந்த அழைப்பையும் விடையையும் நாம் ஒரு சடங்காகவே எண்ணி வந்தோம். ஆனால் 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது முதலில் நின்றுபோனது அந்தச் சடங்குதான். பாடங்கள் வேறு வழிகளில் வந்து சேர்ந்தன. பெயர் சொல்லி அழைத்து, விடைக்காகக் காத்திருந்து, விடை வராதபோது 'ஏன் வரவில்லை?' என்று வினவிய குரல் மட்டும் பல பிள்ளைகளுக்கு நெடுநாள் கேட்கவில்லை.

அந்த ஏப்ரல் மாதத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தனர் என்று யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. இத்தனை பெரிய இடைவெளி வரலாற்றில் முன்னர் நேர்ந்ததில்லை. எனினும், ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் காணாமலே கற்கவும் கற்பிக்கவும் வேண்டிய நிலை வரலாற்றுக்குப் புதிதன்று. அவ்வாறு பிரிந்திருந்த காலங்களில் அவர்களுக்கிடையே இருந்த அன்பும் அக்கறையும் எவ்வாறு பிழைத்தன? எங்கே தளர்ந்தன? இவ்வினாக்களோடு கடந்த காலத்தின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

ஒரு பென்னி அஞ்சல்

1840-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் பிரிட்டனில் ஓர் எளிய சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், மடல் செல்லும் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அஞ்சல் கட்டணம் ஏறும். பெரும்பாலும் மடலைப் பெறுபவரே அதைச் செலுத்துவார். ஏழை வீட்டுக்கு மடல் வருவதே சுமையாக இருந்த காலம் அது. அந்நாள் முதல், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம், ஒரு பென்னி என்றாயிற்று.

இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த ஐசக் பிட்மன் என்ற இளம் ஆசிரியர் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டார். 1837-இல் தாம் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியாகவே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் திருமறைப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்புவர். அவர் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். அஞ்சல் வழிக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் பிட்மனிடமிருந்தே தொடங்குகின்றனர்.

அவருக்கு முன்னரும் அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் சென்றிருக்கக்கூடும். பிட்மனின் முறையில் நாம் உற்று நோக்கவேண்டியது, பாடம் சென்ற வழியைவிட அது திரும்பி வந்த வழியையே. முகமறியா ஒரு மாணவரின் தடுமாறிய கோடுகளை ஒரு மனிதர் எடுத்துப் பார்த்து, 'இங்கே பிழை, இவ்வாறு எழுதுக' என்று தம் கைப்படக் குறித்தார். மாணவர் பெருகியபோது அவர் ஒருவரால் இது இயலவில்லை. 1843-இல், திருத்தும் பணியைத் தன்னார்வத்துடன் பகிர்ந்துகொள்ள ஒரு சங்கமே உருவாயிற்று. திருத்தாமல் விட்டுவிடலாம், நூலை மட்டும் விற்கலாம் என்ற எளிய வழி அவர்கள் முன் இருந்தது. அதை அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை.

மாதம் ஒரு மடல்

பிட்மனின் மாணவர்கள் கற்றது ஒரு கைத்திறன். திருத்தியவருக்கும் திருத்தப்பட்டவருக்கும் இடையே இருந்த உறவும் அந்தக் கோடுகளின் அளவே. அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் ஒரு பெண்மணி இதே அஞ்சல் வழியில் இன்னும் ஆழமாகச் சென்றார்.

பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஆனா எலியட் டிக்னர், ஹார்வர்டு பேராசிரியராக விளங்கிய ஜார்ஜ் டிக்னரின் மகள். நூல்கள் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த அவர், அத்தகைய வாய்ப்புகள் பிற பெண்களுக்கு இல்லாததை உணர்ந்தார். பெண்களுக்குக் கல்லூரிக் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்த காலம். இங்கிலாந்தில் நடைபெற்ற ஒரு முயற்சியைக் கேள்வியுற்று, 1873-இல் 'இல்லத்தில் கல்வியை ஊக்குவிக்கும் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 45 பேர். அடுத்த 24 ஆண்டுகளில் 7,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அச்சங்கத்தின் வழியே கற்றனர். விளம்பரமின்றி இயங்கியதால் 'மௌனப் பல்கலைக்கழகம்' என்றும் அது அழைக்கப்பட்டது.

அங்குக் கற்பித்தவர்களும் பெண்களே, ஊதியம் பெறாதவர்கள். ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் ஆசிரியை என்று வகுத்தனர். நூல்கள் அஞ்சலில் சென்றன. மாணவி படித்ததை நினைவிலிருந்து எழுதி மாதந்தோறும் அனுப்புவார். ஆசிரியை அதைப் படித்து மறுமடல் எழுதுவார். பண்ணை வீட்டில் குழந்தைகளோடு அடைபட்டிருந்த தாய்மாரும், நோயாளிகளைப் பேணி இல்லத்தைவிட்டு அகலமுடியாத மகளிரும் அந்த மாத மடலுக்காகக் காத்திருந்தனர்.

அறிவியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873-இல் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். நுண்ணோக்கிகளையும் கற்களின் மாதிரிகளையும் அவர் அஞ்சலில் அனுப்பினார். ஆனால் அவருக்கு வந்த மடல்களில் கல்லையும் செடியையும் பற்றிய ஐயங்களோடு வேறு செய்திகளும் வந்தன. உடல் சோர்வு, உறக்கமின்மை, ஓயாத வீட்டு வேலை, பேசுவதற்குத் துணையற்ற தனிமை. 'இவை பாடத்திட்டத்தில் இல்லை' என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. உணவையும் ஓய்வையும் உடையையும் பற்றித் தனித்தனியே அறிவுரை எழுதினார். பின்னர், உடல்நலம் பற்றிய ஒரு சிறு நூலையே அச்சங்கம் வெளியிட்டது. இல்லறத்துக்கு அறிவியலைக் கொண்டு செல்வதே பிற்காலத்தில் அவருடைய வாழ்நாட்பணியாயிற்று.

இங்கே ஒரு வியப்பைக் காண்கிறோம். மாணவியர் ஆசிரியையிடம் கற்றதோடு நில்லாமல், ஆசிரியையும் மாணவியரிடமிருந்து தாம் எதைக் கற்பிக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார். அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கும் வகுப்புகள் பலவற்றில் இல்லாத நெருக்கம் அந்த மடல்களில் இருந்தது. 1896-இல் டிக்னர் மறைந்தார். மறு ஆண்டே சங்கமும் முடிவுற்றது. அவ்வாண்டில் வெளிவந்த நினைவு நூலில் மாணவியரின் மடல்கள் இடம்பெற்றன.

இதில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், தாளும் தபால்தலையும் வாங்க இயன்றவர்களுக்கும் மட்டுமே அந்த மடல் வழி திறந்திருந்தது. குழந்தைகளுக்கும் ஏழைகளுக்கும் அது எட்டவில்லை. அவர்களிடமிருந்து ஆசிரியர் பிரிக்கப்படும் நாள் வந்தபோது என்ன நேர்ந்தது என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டியது.

சிகாகோவின் மூன்று வாரங்கள்

1937-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. அந்நோய்க்குத் தடுப்பூசி கிடைக்க இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. பெற்றோர் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடவும் அஞ்சினர். கோடை விடுமுறை முடிந்து திறக்கவேண்டிய பள்ளிகள் திறக்கப்படவில்லை.

பள்ளிக் கண்காணிப்பாளர் வில்லியம் ஜான்சனும் அவருடைய உதவியாளர்களும் வானொலியை நாடினர். நகரின் ஆறு வானொலி நிலையங்கள் கட்டணமின்றி நேரம் அளித்தன. செப்டம்பர் 13-ஆம் நாள் முதல், 3-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குக் காற்றில் பாடங்கள் வந்தன. ஒவ்வொரு பாடமும் 15 நிமிடம். அன்றன்றைய கால அட்டவணையையும் வினாக்களையும் நாளிதழ்கள் காலையில் அச்சிட்டன. இத்தனையும் இரண்டு வாரங்களுக்குள் ஏற்பாடாயிற்று என்பது இன்றும் வியப்புக்குரியது.

ஆயினும் குறைகள் தோன்றின. சில இல்லங்களில் வானொலிப் பெட்டியே இல்லை. சில பகுதிகளில் ஒலி தெளிவாகக் கேட்கவில்லை. பாடத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத பிள்ளைகள் பின்தங்கினர். கையை உயர்த்தினால் வானொலிப் பெட்டி அதைக் காணுமா? 'மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்' என்றால் அதற்குக் கேட்குமா?

கல்வி அலுவலகத்தார் இதை ஒருவாறு முன்னரே உணர்ந்திருந்தனர் போலும். வினவ விரும்புவோர் பேசுவதற்கென ஒரு தொலைபேசி வசதியை ஏற்படுத்தி, 16 ஆசிரியர்களை அங்கே அமர்த்தினர். முதல் நாளிலேயே 1,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. மேலும் ஐந்து ஆசிரியர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த அழைப்புகளை நாம் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாடம் தடையின்றிக் காற்றில் வந்துகொண்டிருந்தது. இருந்தும் மக்களுக்கு அது போதவில்லை. மறுமுனையில் ஒரு மனிதக் குரல் வேண்டியிருந்தது. ஆனால் 3 லட்சம் பிள்ளைகளுக்கு 21 பேர் என்றால், ஒருவர் எத்தனைப் பிள்ளைகளின் பெயரை நினைவில் கொள்ள முடியும்? நல்வாய்ப்பாக, நோய் தணிந்து மூன்று வாரங்களுக்குள் பள்ளிகள் திறந்தன. வானொலிப் பள்ளி தன் குறைகளோடு நீண்டநாள் இயங்கவேண்டிய சோதனை அப்பிள்ளைகளுக்கு நேரவில்லை.

பாலைவெளியில் ஒரு வகுப்பு

அச்சோதனையை நீண்டநாள் எதிர்கொண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பிள்ளைகள். அங்கே அவர்களைப் பிரித்தது நோயன்று, நிலமே. ஒரு கால்நடைப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் செம்மண் பரப்பு. அஞ்சலில் பாடம் வரும்; எழுதியனுப்பிய விடை திருத்தப்பட்டு மீண்டு வர வாரங்கள் ஆகும்.

அந்நிலத்தில் மருத்துவருக்காக ஏங்கி மாண்டவர்களை எண்ணி, ஜான் பிளின் என்ற சபைக் குரு 1928-இல் விமான மருத்துவச் சேவையைத் தொடங்கினார். மருத்துவரை அழைக்கத் தொலைதூரப் பண்ணைகளுக்கு ஒரு கருவி வேண்டுமே! அடிலெய்டு நகரின் ஆல்பிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கும் வானொலியை அமைத்துக் கொடுத்தார். சிகாகோவின் வானொலிக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம்.

கல்வித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அடிலெய்டு மீட்கே என்ற பெண்மணி, நோயாளியின் குரலைச் சுமக்கும் இக்கருவி பிள்ளையின் குரலையும் சுமக்குமே என்று எண்ணினார். அவருடைய முயற்சியால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951 சூன் 8-ஆம் நாள் 'வானொலிப் பள்ளி' முறையாகத் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்டனர். விரைவிலேயே பாடத்தின் இறுதியில் வினா விடைக்கென நேரம் ஒதுக்கப்பட்டது. தன் வயதுடைய வேறொரு குழந்தையின் குரலை நாள்தோறும் கேட்பதே அப்பிள்ளைகளுக்குப் பெரும் மாற்றமாயிற்று.

அப்பள்ளி குரலோடும் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தாயோ வேறொருவரோ பிள்ளையின் அருகே அமர்ந்து துணைபுரிந்தனர். ஆசிரியர்கள் நெடும்பயணம் மேற்கொண்டு மாணவர்களின் இல்லங்களுக்கே சென்றனர். பிள்ளைகளும் ஆண்டில் சில நாள்கள் நகருக்கு வந்து ஒன்றுகூடினர். சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிய பிள்ளைகளுக்கு அப்பள்ளி இன்று இணையத்தின் வழியே கற்பிக்கிறது. கருவிகள் மாறின. ஆசிரியர் புறப்பட்டு மாணவரின் வாசலுக்குச் செல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

நம் தெருக்களில்

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு, 2020-ஐயும் 2021-ஐயும் நாம் திரும்பிப் பார்ப்போம். தமிழகத்தில் 'கல்வித் தொலைக்காட்சி' வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. கைப்பேசியின் வாட்ஸ்அப் குழுக்களில் காணொலிகளும் வினாத்தாள்களும் வந்தன. அவற்றை ஆக்கியவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சிகாகோ வானொலியைப் போன்று ஒருவழிப் பாதைகளே. 2020 செப்டம்பரில் 'அசர்' அமைப்பு இந்தியச் சிற்றூர்களில் நடத்திய ஆய்வின்படி, பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ 62 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆயினும் ஆய்வு நிகழ்ந்த வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு பாடப்பொருளைப் பெற்றவர்கள் மூவரில் ஒருவரே. கருவி வீட்டை எட்டிய பின்னரும் பாடம் எட்டவில்லை. அப்பாடத்தின் மறுமொழி எத்தனைப் பேரிடமிருந்து திரும்பியிருக்கும்?

நம்மில் கற்பிக்கும் பணியில் இருந்தவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடத்தை அனுப்பியதும் கற்பித்துவிட்டோம் என்று அமைதி அடைந்தோம். செய்தியின் ஓரத்தில் தோன்றிய நீலக் குறிகளை 'உள்ளேன் ஐயா' என்ற விடையாகவே கருதிக்கொண்டோம். கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றிருக்கலாம்; அதைத் திறந்தது மாணவனின் அண்ணனாக இருக்கலாம். நாம் வினவவில்லை.

அதே நாள்களில், ஜார்க்கண்ட் மாநிலம் தும்கா மாவட்டத்தில் துமர்தர் என்ற சிற்றூரின் ஆசிரியர்கள் வேறொன்றைச் செய்தனர். அங்குப் பலருடைய வீடுகளில் திறன்பேசி இல்லை. எனவே வீடுகளின் மண்சுவர்களில், பிள்ளைக்கு ஒன்றாக, இடைவெளி விட்டுக் கரும்பலகைகளைத் தீட்டினர். ஒவ்வொரு பிள்ளையும் தன் பலகையின் முன் அமர்ந்து எழுத, ஒலிபெருக்கியோடு தெருவில் நடந்த ஆசிரியர் ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்தினார். சமூக இடைவெளி காக்கப்பட்டது. ஆசிரியரின் கண்ணுக்கும் மாணவனின் எழுத்துக்கும் இடையே இடைவெளி இல்லாதொழிந்தது. பிட்மனும் டிக்னரும் அத்தெருவில் நடந்திருந்தால் தம் முறையையே அங்குக் கண்டிருப்பர்.

தமிழகத்திலும் ஆசிரியர் பலர் தாமாகவே சிற்றூர்களுக்குச் சென்று மரநிழலிலும் திண்ணையிலும் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அமர்த்திக் கற்பித்தனர். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒருவராகக் கற்பிக்க முன்வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பிள்ளை வராவிடில், 'ஏன் வரவில்லை?' என்று இரண்டு வீடு தள்ளிச் சென்று கேட்கக்கூடியவர்கள் அவர்கள்.

எஞ்சி நிற்கும் கடன்

ஏறக்குறைய 180 ஆண்டுகளின் இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? அஞ்சலோ வானொலியோ இணையமோ எதுவாயினும், தொலைவு தானாக அன்பைக் கொல்வதில்லை. கருவி தானாக அன்பைக் காப்பதுமில்லை. மாணவரின் மறுமொழி திரும்பி வருவதற்கு ஒரு வழி இருந்தபோதெல்லாம், அதைப் பெயரறிந்து படிக்க ஒருவர் காத்திருந்தபோதெல்லாம், உறவு பிழைத்தது. அவ்வழி அடைபட்டபோது மிகச் சிறந்த பாடமும் காற்றோடு போயிற்று. அத்தகைய வழிக்கு ஆள்கள் வேண்டும், நேரம் வேண்டும். பிட்மனுக்கு ஒரு சங்கம் வேண்டியிருந்தது. சிகாகோவில் 21 பேர் போதவில்லை. அக்கறை என்பது ஓர் உணர்ச்சி மட்டுமாக இருந்தால் போதாது; எத்தனைப் பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்காகவும் அது மாறவேண்டும்.

தமிழகத்தில் 1-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் நாள் மீண்டும் திறந்தபோது, பதிவேடுகளும் திறந்தன. பெயர்கள் அழைக்கப்பட்டன. சில பெயர்களுக்கு விடை வரவில்லை. சிலர் வேலைக்குச் சென்றிருந்தனர். மேல்வகுப்புச் சிறுமியர் சிலருக்கு மணம் முடிந்திருந்தது. குடும்பத்தோடு ஊரையே விட்டுச் சென்றவர்களும் உண்டு. அவர்களுள் யாரேனும் ஒருவர், பள்ளி மூடிய முதல் சில வாரங்களில் தம் ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார் என்று காத்திருக்கவில்லை என்று நம்மால் சொல்லமுடியுமா?

மீண்டும் ஒரு நோயோ வெள்ளமோ கலவரமோ நம் பள்ளிகளை மூடும் நாள் வரலாம். அன்று நம் கையில் இன்றைவிடச் சிறந்த கருவிகள் இருக்கும். அவற்றைக் கையில் எடுக்குமுன் பழைய வருகைப் பதிவேட்டை எடுப்போம். ஒவ்வொரு பெயராக அழைப்போம். விடை வராத பெயரின்மேல் கோடிட்டுக் கடந்து செல்லாமல், அந்தப் பிள்ளையின் வாசலைத் தேடி நடப்போம்.